பெரியப்பாவுக்கு ஒரு பரலோக மந்திரம்

பொம்மையார்பாளையத்தில் எங்கள் தாத்தாவுக்கு இரண்டு துண்டு நிலம் இருந்தது. ஒன்று கடலோரத்தில் தென்னந்தோப்பு. இன்னொன்று ரோட்டுக்கு மேற்கே, செம்மண் மேட்டில் முந்திரி. நான் சிறுமியாக இருந்தபோது தோப்புக்குத்தான் மதிப்பு. தேங்காய் விட்டுவிட்டுக் காசு கொடுத்துக்கொண்டே இருக்கும். முந்திரி வருடத்துக்கு ஒரு முறை, அதிலும் பாதியை நாங்களும் அணிலும் தின்றுவிடுவோம். தாத்தா போன பிறகு பாகம் பிரித்தார்கள். இளையவரான அப்பாவுக்குத் தோப்பு, மூத்தவரான பெரியப்பாவுக்கு மேடு. மேட்டில் ரோட்டை ஒட்டிய அரைக்காணி மட்டும் பொது, பின்னால் அப்பா அதில் வீடு கட்டிக்கொள்ளலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேச்சு. தம்பிக்கே நல்ல பங்கு போய்விட்டது என்று பெரியம்மா கொஞ்ச காலம் அம்மாவோடு பேசாமல்கூட இருந்தார்கள்.

1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். எங்கள் கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அலை அரித்துக்கொண்டு போனதைத் தெற்கிலிருந்து வரும் மணல் நிரப்பிவிடும். கல் சுவர் வந்த பிறகு மணல் அதற்குத் தெற்கேயே தங்கிவிட்டது. வடக்கே அரிப்பு மட்டும் நடந்தது, நிரப்ப ஆள் இல்லை. முதலில் புதுச்சேரி பீச்சின் மணல் போனது. அங்கே கருங்கல்லைக் கொட்டினார்கள். ஒரு ஊருக்குக் கல் கொட்டினால் கடல் அடுத்த ஊரைத் தேடிப் போகும். வைத்திக்குப்பம், சோலை நகர், கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி என்று ஒவ்வொன்றாகத் தாண்டி எங்களிடம் வந்தது. அப்பா ரோடியர் மில்லில் வேலை. ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்ததும் கைலிகூட மாற்றாமல் கடற்கரைக்குப் போய்த் தென்னை எண்ணுவார். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. வேர் வெளியே தெரிய ஒரு மரம் சாய்ந்து நிற்கும், அடுத்த அமாவாசைக்கு இருக்காது.

தோப்பு கடலுக்குள் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, சென்னை எங்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆரோவில்லுக்கு வருகிறவர்கள், கடல் பார்த்த வீடு தேடுகிறவர்கள், ரிசார்ட் கட்டுகிறவர்கள். காணிக் கணக்கில் பேசிய நிலத்தைச் சதுரடிக் கணக்கில் பேச ஆரம்பித்தார்கள். பெரியப்பா மேட்டைப் பிளாட் போடுகிறவர்களுக்கு விற்றார். அவர் நிலம், அவர் விற்றார், அதில் எங்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த அரைக்காணியும் சேர்ந்தே போயிருந்தது. அப்பா எழுதிக்கொடுத்ததாக ஒரு பவர் பத்திரம் இருந்தது. பட்டா மாற்ற வேண்டும் என்று சொல்லி அண்ணன் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார் என்றார் அப்பா. கையெழுத்து அப்பாவுடையதுதான். அதற்கு மேலே இருந்த எழுத்தைத்தான் அவர் முதல் தடவையாகப் பார்த்தார்.

டீக்கடையில் பெரியப்பா சொன்ன நியாயம் எங்கள் காதுக்கும் வந்தது. அப்பா, முகையூர்ப் பக்கத்து அம்மாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியவர். "சாமிய மாத்திக்கினு போனவனுக்கு எங்க பாட்டன் சொத்து எதுக்கு?" என்றாராம். அதைக் கேட்டு எங்கள் வக்கீல் சிரித்தார். மதம் மாறினவனுக்குச் சொத்துரிமை போகாது என்று வெள்ளைக்காரன் 1850லேயே சட்டம் போட்டுவிட்டான், உங்கள் பெரியப்பாவுக்கு இன்னும் நோட்டீஸ் போய்ச் சேரவில்லை என்றார். கேஸ் திண்டிவனம் கோர்ட்டுக்குப் போனது.

அடுத்த வருடம் அப்பா இறந்துபோனார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். என் மனசில் அந்த இடத்தில் பெரியப்பா பெயர் இருந்தது. சாவுக்கு வந்து தெருமுனையில் நின்ற அவரை உள்ளே வரவிடாமல் கதவைச் சாத்தினேன்.

பங்காளிப் பகை என்பது மற்ற பகைகள் மாதிரி அல்ல. எதிரி தூரத்தில் இருந்தால் அவ்வப்போது மறந்துபோகலாம். பங்காளி காலையில் உங்கள் எதிரே பால் வாங்குவார், உங்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்பார், உங்கள் அப்பாவின் மூக்கையே வைத்துக்கொண்டு உங்களைப் பார்ப்பார். பெரியப்பாவின் பைக் சத்தம் எனக்கு மனப்பாடம். அது தெருவில் திரும்பும்போதே வயிற்றில் ஏதோ இறுகும். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவர் பேரன் என் வகுப்பில் சேர்ந்தான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினான். ஒரு மார்க் குறைக்க இடம் இருக்கிறதா என்று அந்தப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் பெரியப்பா கணக்கில்தான் ஏறியது.

அம்மா வேறு மாதிரி. சாயங்காலம் விளக்கேற்றிச் செபமாலை சொல்லும்போது ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு கருத்து வைப்பார்கள்: இறந்தவர்களுக்கு, மழைக்கு, மில்லில் வேலை போனவர்களுக்கு. அப்பா போன பிறகு அதில் ஒரு பத்து பெரியப்பா பெயருக்குப் போனது. பெயர் சொல்லியே. நான் பாதியில் எழுந்துவிடுவேன்.

"இன்னாத்துக்கும்மா அந்த ஆளுக்கு?"

"நமக்கு வேண்டியவங்களுக்கு நாமளே ஓடி ஓடிச் செய்யறோம். அவருக்கு நாம செய்ய மாட்டமே. அதான் சாமிகிட்ட உட்டுட்டேன்."

அம்மா அழுத்தமாகச் சொல்லவில்லை, புளி கரைத்துக்கொண்டே சொன்னார்கள். கேஸை வாபஸ் வாங்கலாம் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. வாய்தா தேதி வந்தால் என் கையில் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக் கொடுப்பார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் புதுச்சேரிக்குப் பூசைக்குப் போயிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் பாதிக் கோவில்தான். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று சேதி வந்து, எப்படியோ ஊருக்கு வந்து சேர்ந்தபோது ரோடு முழுக்க ஜனம். குழந்தைகளையும் ரேஷன் கார்டையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் மேற்கே ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மாவைத் தேடினேன். பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த புடவைக்கு மேல் பெரியம்மாவின் துண்டு. மேட்டில் இருந்த வீடு, குப்பத்துச் சனம் நிறையப் பேர் அன்று அந்தத் திண்ணையில்தான் இருந்தார்கள். பெரியம்மா எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். தாகமில்லை என்றேன். தொண்டை வறண்டு ஒட்டியிருந்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த டம்ளரையும் தானே வாங்கிக் குடித்தார்கள்.

அம்மா போய், ஒரு வருடம் கழித்து தானே புயல். 2011 டிசம்பர் 30 விடியற்காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது. கடலூர் மாவட்டத்தில் முந்திரிக்காடுகள் அப்படியே படுத்துக்கொண்டன. எங்கள் பக்கத்திலும் மரங்கள் விழுந்தன. விற்றது போகப் பெரியப்பா தனக்கென்று வைத்திருந்த கொஞ்சம் முந்திரியும் வேரோடு கிடந்தது. மொட்டை மாடியிலிருந்து அதைப் பார்த்தேன். அப்பா எண்ணிய தென்னைகளுக்கு ஒரு பதில் கிடைத்தது போல இருந்தது. நல்ல பசி எடுத்தது, இட்லி அதிகமாகவே சாப்பிட்டேன். கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, பக்கத்து வீட்டுக் கூரை எங்கள் வாசலில் கிடக்கிறது, எனக்கு மட்டும் பண்டிகை.

அந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதைச் சொன்னேன். அன்று இருந்தவர் வயதான, ஓய்வுபெற்ற சாமியார், காது கொஞ்சம் மந்தம். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லுவார், தலையாட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"அவர் நாசமாப் போகணும்னு வேண்டியிருக்கிறீங்களா?"

"செபத்தில இல்ல பாதர். மனசில."

"அதையும் செபத்துக்குக் கொண்டுவாங்க. வெளிய வெச்சுக்கிட்டாத்தான் ஆபத்து."

109ஆம் சங்கீதத்தைப் படிக்கச் சொன்னார். சிறு வயதிலிருந்து பைபிள் படிக்கிறேன், அந்தச் சங்கீதத்தை ஒருவரும் எங்களுக்குக் காட்டியதில்லை. எதிரியின் பிள்ளைகள் அநாதையாக வேண்டும், மனைவி விதவையாக வேண்டும், கடன்காரன் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று போகிறது. நான் மனசில் வைத்திருந்ததெல்லாம் அதற்கு முன்னால் பாலர் பாடம். பிற்பாடு தெரிந்துகொண்டேன், குருக்கள் நாள்தோறும் நேரம் வைத்துச் சொல்லும் செபப் புத்தகத்தை வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1970களின் தொடக்கத்தில் திருத்தியபோது 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையும் எடுத்துவிட்டார்களாம். கேட்பவர்கள் மனம் சங்கடப்படும் என்பது காரணம். என்னைக் கேட்டால் எடுத்திருக்க வேண்டாம். கோபக்காரர்களுக்கு என்று இருந்ததே அவ்வளவுதான்.

சாமியார் கொடுத்த அபராதம் இதுதான். தினமும் ஒரு பரலோக மந்திரம், பெரியப்பா பெயருக்கு. பிரியம் வர வேண்டாம், உருக்கம் வேண்டாம், வாயால் சொன்னால் போதும். அதோடு, எனக்கென்று எதைக் கேட்கிறேனோ அதையே அவருக்கும் கேட்க வேண்டும். "உங்க முட்டி வலிக்கு வேண்டிக்கிறீங்கன்னா, அவர் முட்டிக்கும் சேர்த்து."

எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். காது கேட்காதது போல இருந்துவிட்டார்.

சொன்னேன். மந்திரம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும், பெயரைச் சொல்வதற்குத்தான் நேரம் பிடித்தது. சில நாள் பெயரைச் சொல்லிவிட்டு மந்திரத்தை வேறு யாருக்கோ சொல்லிவிடுவேன். மன்னிப்பு வரும் இடத்தில் குரல் தானாக இறங்கிவிடும். நமக்குக் கடன்பட்டவர்களை நாம் விடுகிற அளவுக்கு நம்மையும் விடச் சொல்லும் இடம் அது. எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், இது ஒரு ஒப்பந்தம் என்பதும், கையெழுத்து என்னுடையது என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெற்றுத்தாளில்கூட இல்லை, எழுத்துத் தெரிந்தேதான் போட்டிருக்கிறேன்.

மந்திரத்தைவிடச் சிரமம் மற்றது. ஒருவருக்காக ஏதாவது கேட்க வேண்டுமானால் அவருக்கு என்ன தேவை என்று தெரிந்திருக்க வேண்டும். பெரியப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் எங்களுக்குச் செய்தது மட்டும்தான். அவருக்கு முட்டி வலிக்கிறதா? யாருக்குத் தெரியும். பால் வாங்கும் இடத்தில் கவனித்தேன், இடது காலை இழுத்துத்தான் நடந்தார். எப்போதிருந்து என்று பக்கத்து வீட்டுக்காரம்மாவை விசாரித்தேன். சர்க்கரை என்றார்கள், புண் ஆறவில்லை என்றார்கள், துபாயில் இருக்கிற பெரிய மகன் போனே செய்வதில்லை என்றார்கள். செபத்துக்கு விவரம் சேர்க்கத்தான் கேட்டேன், வம்புக்கு இல்லை. கேட்டவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் காலும் சர்க்கரையும் போன் செய்யாத மகனும் இருக்கிற ஒரு ஆளை முழுசாக வெறுப்பதற்கு முன்னைவிட அதிக உழைப்பு தேவைப்பட்டது. பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த உழைப்பு எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

ராணி மரியா சகோதரியின் கதையை அந்த வருடங்களில்தான் விவரமாகப் படித்தேன். கேரளத்தில் புல்லுவழி என்ற ஊர்க்காரர், மத்தியப் பிரதேசத்தில் உதய்நகர் பக்கம் நிலமில்லாத கூலிகளை வட்டிக்காரர்களிடமிருந்து மீட்டு, வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அதனால் வருமானம் போனவர்கள் ஆள் வைத்தார்கள். 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பஸ்ஸில், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சமுந்தர் சிங் என்ற இளைஞன் அவரைக் குத்தினான். உடம்பில் 54 காயங்கள். ராணி மரியாவின் தங்கை செல்மி பால், அவரும் அதே சபையில் கன்னிகாஸ்திரீ. 2002இல் இந்தூர் சிறைக்குப் போய் அந்த ஆளின் கையில் ராக்கி கட்டினார். அவர்களுடைய தாயாரும் பின்னால் அவனைப் பார்த்து, மகளின் ரத்தம் பட்ட கை என்று சொல்லி அந்தக் கையை முத்தமிட்டார். 2006இல் அவன் விடுதலையானதற்கு இந்தக் குடும்பமும் சபையும் எழுதிக் கொடுத்த மன்னிப்பு ஒரு முக்கியக் காரணம். விடுதலையானவன் புல்லுவழி வீட்டுக்கே போய் வந்தான். 2017 நவம்பரில் இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது அவனும் அங்கே இருந்தான்.

படித்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல். கொலையை மன்னிக்கலாம் போலிருக்கிறது, அரைக்காணியை மன்னிக்க முடியவில்லையே என்று. யோசித்தால் அதில் ஒரு நியாயமும் உண்டு. கொலை நடந்து முடிந்துவிட்டது. அரைக்காணி ஒவ்வொரு நாளும் பஸ் ஜன்னல் வழியாகத் தெரிகிறது, காம்பவுண்டு சுவரும் நைட் லேம்ப்பும் வைத்து. ஆனாலும் அந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது தேதிகள்தான். 1995க்கும் 2002க்கும் நடுவே ஏழு வருடம். பத்திரிகைகள் ராக்கி கட்டிய நாளைத்தான் எழுதுகின்றன. அதற்கு முந்தைய ஏழு வருடம் செல்மி பால் காலைச் செபத்தில் என்ன சொல்லியிருப்பார்? எனக்கு அந்த வருடங்களைப் பற்றித்தான் கேட்க ஆசை.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவும் அப்படித்தான் எனக்குப் பட்டார். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவர் கிரஹாமையும் பிலிப், திமோத்தி என்ற இரண்டு பையன்களையும் ஜீப்போடு கொளுத்தினார்கள். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொன்னார். பாரிபடாவில் தொழுநோயாளர் இல்லத்தை விட்டுவிட்டு உடனே ஓடிவிடவில்லை. வழக்கும் பாட்டுக்கு நடந்தது. கீழ்க் கோர்ட்டில் மரண தண்டனை, 2005இல் உயர் நீதிமன்றத்தில் ஆயுளாகக் குறைந்து, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவர் மன்னித்தார் என்பதற்காக யாரும் பைலை மூடவில்லை, அவரும் மூடச் சொல்லவில்லை. அம்மா சில்லறை எண்ணிக் கொடுத்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னிப்பு என்றாலே விட்டுக்கொடுப்பது என்று நம் சபைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதிலும் யாரிடம் போய் அந்தப் பிரசங்கம் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எறையூரில் நடந்தது அம்மா ஊர்ப் பக்கத்துச் சேதி, அப்போது எங்கள் விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. ஒரே மாதா, ஒரே கோவில், ஒரே செபமாலை. ஆனால் சவ ஊர்வலம் போகும் வழியில்கூடத் தங்களுக்குப் பாகுபாடு என்பது அங்கிருந்த தலித் கிறிஸ்தவர்களின் நெடுநாள் குறை. தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று வன்னியர் கிறிஸ்தவர்களுக்கும் அவர்களுக்கும் நடந்த மோதலில் தலித் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அப்படி ஒரு இடத்தில் போய், வீடு உடைபட்டவனைப் பார்த்து எதிரியை நேசி என்று சொல்கிறவன், உடைத்தவனுக்கு வக்காலத்து வாங்குகிறான். வழியை முதலில் திறந்துவிடட்டும். எதிரிக்காக வேண்டுவது அடிபட்டவன் தானாக, தன் வீட்டுக்குள் செய்துகொள்கிற காரியம். வெளியிலிருந்து யாரும் அதை அவன்மேல் சுமத்த முடியாது. அந்தச் சாமியார்கூட எனக்கு அபராதமாகக் கொடுத்தது செபத்தைத்தான், மன்னிப்பை அல்ல.

பெரியப்பாவை ஜிப்மரில் சேர்த்தார்கள். கால் புண் மேலே ஏறிவிட்டது. சின்ன மகன் சென்னையிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தான், பெரியம்மாவால் பஸ் ஏற முடியாது. ஒருநாள் காலை பெரியம்மாவின் போன். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. "ஆஸ்பத்திரி சாப்பாடு அவருக்கு ஒத்துக்கலம்மா. நீ புதுச்சேரிப் பக்கம்தான தெனம் போற?" என்றார்கள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இட்லி கட்டிக்கொண்டு போனேன். மறுநாளும் போனேன்.

வார்டில் அவர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நெற்றியில் விபூதி, தலைமாட்டில் மயிலம் முருகன் படம். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போகாத வருடமே அவருக்குக் கிடையாது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"எனக்கோசரம் உங்க சாமியாண்ட வேண்டிக்கிறியாமே? உங்க அம்மா கூடம் வேண்டிக்கினு கெடந்துச்சாம்."

"ஆமா பெரியப்பா."

"எங்க வேண்டிக்கிற?"

"வீட்ல. புதுச்சேரி வந்தா சம்பா கோவில்ல."

"எங்க ஈஸ்வரன் கோயில இடிச்சாங்களே, அந்த எடத்தாண்டயா?"

அவருக்குச் சரித்திரம் தெரியும். 1748இல் டூப்ளே துரை காலத்தில், சம்பா கோவில் என்று நாங்கள் சொல்லும் மாதா கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் கோவிலை இடித்தார்கள். சேசு சபைச் சாமியார்களுக்கு அந்தக் கோவில் எத்தனை காலமாகக் கண்ணை உறுத்தியது, இடிபட்ட அன்று ஊர்ச் சனம் எப்படித் தவித்தது என்பதையெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1761இல் ஆங்கிலேயர் வந்து கோட்டையோடு சேர்த்து மாதா கோவிலையும் தரைமட்டமாக்கினார்கள். இப்போது நிற்கும் கோவில் அதற்குப் பிறகு, 1791இல் முடிந்தது. எதிரியை நேசிக்கச் சொல்லும் சுவிசேஷத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்கள் என் ஆட்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"அந்த எடத்தாண்டதான் பெரியப்பா" என்றேன்.

"சர்தான். நானும் உனக்கோசரம் முருகன்கிட்ட வேண்டிக்கிறேன்."

"என்னான்னு?"

"கேசுல நீ தோக்கணும்னு."

சொல்லிவிட்டுச் சட்னியைத் தொட்டுப் பார்த்தார். "இன்னா தேங்கா கம்மியா கீது?"

"தோப்புதான் போயிடுச்சே."

வாயில் இட்லியை வைத்துக்கொண்டு சிரித்தார், புரை ஏறியது. முதுகைத் தட்டிவிட்டேன். அப்பா முதுகும் அப்படித்தான், நடுவில் எலும்பு துருத்திக்கொண்டு இருக்கும்.

மன்னிப்புக் கேட்டாரா என்று பிற்பாடு பலர் விசாரித்தார்கள். இல்லை. பவர் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுத்த வாய்தா எப்போது என்று மட்டும் கேட்பார், தன் வக்கீலைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டதா என்றால் அதற்கும் இல்லை என்றுதான் சொல்வேன். மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்தால் கடைக்கு அவசரமாக நடந்தேன், அது தெரியும். பைக் சத்தத்துக்கு இறுகிய வயிறு எப்போது இறுகுவதை நிறுத்தியது என்பது தெரியாது. பைக்கை அதற்குள் விற்றுவிட்டிருந்தார்கள்.

காலை எடுத்த பிறகு அதிக நாள் இருக்கவில்லை. கருமாதிக்குப் போனேன். மொட்டை போட்ட சின்ன மகன் வாசலில் நின்று, வாங்கக்கா என்றான். பெரியம்மா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வெயில் காலம், இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

கேஸ் இன்னும் இருக்கிறது. பெரியப்பா பெயர் இருந்த இடத்தில் வாரிசுகளைச் சேர்த்தார்கள், அதற்கே எத்தனையோ வாய்தா. பரலோக மந்திரத்திலும் வாரிசுகளைச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. சின்னவனுக்குச் சொல்வது பெரியப்பாவுக்குச் சொன்னதைவிடக் கஷ்டம். பெரியப்பாவாவது வாய்விட்டுப் பேசுவார், இவன் சென்னையில் ஐடி கம்பெனி ஆள், எல்லாவற்றுக்கும் ஓகேக்கா, ஓகேக்கா என்பான், பிறகு வக்கீல் நோட்டீஸ் வரும்.

போன வாய்தாவுக்குத் திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவன் கார் வந்து நின்றது, கோர்ட்டுக்குத்தானேக்கா, ஏறுங்க என்றான். ஏறிக்கொண்டேன். பைல் என் மடியில், அவன் பைல் பின் சீட்டில். வழியெல்லாம் இரண்டு பேரும் பேசவில்லை. கிளியனூர் தாண்டியதும் பெட்ரோலுக்குப் பாதி கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க்கா. தோக்கறவங்க கோர்ட் செலவோட சேத்துக் கட்டிக்கலாம்" என்றான்.